மாட்டுங்காவுக்குப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

செம்பூரிலிருந்து அத்தை எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பாடம் புரிகிறது, கூடப் படிக்கிற பிள்ளைகளும் நல்ல மாதிரிதான், ஆனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வாசலில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது, பிறத்தியார் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி கூசுகிறது என்றாய். போனில் என்னால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. அந்தப் பெயர்களைப் படி என்கிறேன். அவர் பணம் கொடுத்தவரா, பாடம் சொன்னவரா, ஆட்சியில் இருந்தவரா? கொடுத்த பணம் எந்த வழியில் வந்தது? அந்தப் பெயரை வைக்க யார் கேட்டார்கள், யார் தடுத்தார்கள்? கல்லில் வெட்டியிருப்பது பாதிக் கணக்குதான். மீதியைத் தேடித் தெரிந்துகொண்டவள் அந்த வாசலில் கூச்சத்தோடு நிற்க மாட்டாள்.

உன் காலேஜிலிருந்தே தொடங்குகிறேன். கே.வி. ஆடிட்டோரியம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்தக் கே.வி. யார் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? கிருஷ்ணசாமி வெங்கடராமன். 1901-இல் சென்னையில் பிறந்தவர். அங்கே மாநிலக் கல்லூரியில் படித்தார், இங்கிலாந்து போய் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தார், லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்தார், பிறகு பம்பாய் வந்து சேர்ந்தார். 1938-இல் உன் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். அவருக்கு முன் இருந்தவர் ஃபார்ஸ்டர் என்கிற ஆங்கிலேயர். ஏறக்குறைய இருபது வருடம் அங்கே இருந்துவிட்டு, 1957-இல் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கேயும் இயக்குநரான முதல் இந்தியர் அவரே. செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1952-இல் வெளிவந்தது. பூவுக்கும் இலைக்கும் மஞ்சள் நிறம் தருகிற ஃப்ளேவோன்களைச் செய்யும் வழி ஒன்றுக்குப் பேக்கர்–வெங்கடராமன் வினை என்று பெயர். கரிம வேதியியல் புத்தகத்தில் நீ அதைப் படிக்கத்தான் போகிறாய். அதில் பாதிப் பெயர் இவருடையது. அரங்கத்தின் சுவரில் அவர் இருப்பது அவர் கொடுத்த காசுக்காக அல்ல. அவரிடம் படித்தவர்கள் பெருகி, நாட்டில் சாயத் தொழிலையும் மருந்துத் தொழிலையும் நடத்தினார்கள், அதற்காக.

நீ எடுத்திருப்பதும் சாயப் படிப்பு. நம் வீட்டுக்கு அது புதிய விஷயமும் இல்லை. உன் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் கிடங்கில் சேர்ந்தவர். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, பதப்படுத்தி, சாயம் ஏற்றுகிற வேலை. எந்தச் சாயம் எந்தச் சூட்டில் தோலில் பிடிக்கும், எது ஒரு மழையில் கரைந்து போகும் என்பதெல்லாம் அவருக்குக் கைக்கணக்காகத் தெரியும். அவர் நகக்கண்ணில் நிறம் போனதே இல்லை. கே.வி. நூலில் எழுதியதற்கும் உன் தாத்தா கையால் செய்ததற்கும் நடுவே இருந்த தூரத்தை நம் குடும்பத்தில் நீதான் முதலில் கடக்கிறாய்.

இப்போது ஒரு வருடக் கணக்கு சொல்கிறேன், கவனமாகக் கேள். உன் காலேஜுக்குப் பக்கத்தில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறதே, அது 1887-இல் தொடங்கியது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட வைத்த நிறுவனம். அதனால்தான் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர். முதலில் பைகுல்லாவில் இருந்தது. தாராவிக்கு முதல் தோல் கிடங்கு வந்ததாகச் சொல்வதும் அதே 1887-ஐத்தான். நாற்றம் பிடித்த தொழிலெல்லாம் கோட்டைக்கும் பெரிய மனிதர் வீடுகளுக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நகரம் அவற்றை வடக்கே தள்ளிய காலம் அது. ஒரே நகரம், ஒரே வருடம், மில்லுக்குத் தேவையான படித்த கைகளை உருவாக்க ஒரு நிறுவனத்தையும் வைத்தது, தோலைத் தொடுகிற கைகளைச் சதுப்பு நிலத்துக்கும் அனுப்பியது. முதலாவதற்குக் கல்வெட்டு உண்டு. இரண்டாவதற்கு ஒரு பலகைகூட நான் பார்த்ததில்லை.

மாட்டுங்காவில் இத்தனை கல்லூரிகள் ஏன் வந்தன என்று கேட்டிருந்தாய். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலான சால் குடியிருப்புகளில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசு ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து வயலையும் வெற்று நிலத்தையும் எடுத்து, அகலமான ரோடு, வட்டமான தோட்டம், பெரிய பெரிய மனை என்று பிரித்தது. நீ நடந்து போகிற ஃபைவ் கார்டன்ஸ், கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. பெரிய மனை கிடைத்ததால் நிறுவனங்கள் வந்தன. வி.ஜே.டி.ஐ. 1923-இல் வந்தது. 1937-இல் குரு நானக் கால்சா கல்லூரியும் ராம்நாராயண் ரூயா கல்லூரியும், 1941-இல் போதார் கல்லூரியும் தொடங்கின. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக வேறிடத்தில் தொடங்கிய உன் காலேஜ், அப்போதைய யு.டி.சி.டி., 1943-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. தொடங்கியபோது அங்கே இருந்த படிப்புகளே இரண்டுதான்: நெசவு வேதியியல், வேதிப் பொறியியல். துணியை நெய்ய மில் இருந்தது, சாயமும் சாய அறிவும் ஐரோப்பாவிலிருந்து வந்தன. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மில்காரர்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்தார்கள். அப்போது துணைவேந்தராக இருந்த விட்டல் சந்தாவர்க்கரே மில் தொழிலைச் சேர்ந்தவர். ஆகவே உன் காலேஜின் அடித்தளத்தில் பரேலிலும் லால்பாக்கிலும் சங்கு ஊதியதும் எழுந்து ஓடிய மில் தொழிலாளியின் உழைப்பும் இருக்கிறது. அவன் பெயரை எந்தச் சுவரிலும் தேடாதே, கிடைக்காது. ஆனால் அவன் அங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டைக்கு வா. ராஜாபாய் டவரைப் பார்த்திருப்பாய். 280 அடி உயரம். லண்டனில் உட்கார்ந்து கில்பர்ட் ஸ்காட் வரைந்து அனுப்பிய கட்டடம். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1869-இல் தொடங்கி 1878-இல் முடித்தார்கள். கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பக்கத்துக் குர்லாவிலிருந்தும்தான். பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். நூலகத்துக்கு ஒரு தொகை, கோபுரத்துக்கு ஒரு தொகை, ஆக 4 லட்சம் ரூபாய், 1864-இல். கோபுரத்துக்குத் தன் தாய் ராஜாபாயின் பெயரை வைக்க வேண்டும் என்றார்.

அந்த 1864-ஐத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1861 முதல் உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்துக்குப் போக முடியவில்லை. லங்காஷயர் மில்கள் பம்பாய்ப் பருத்தியை என்ன விலைக்கும் வாங்கின. பம்பாய்க்குள் வெள்ளி வெள்ளமாக வந்து விழுந்தது. கடலைத் தூர்த்து நிலம் எடுக்கப் போகிறோம் என்று கம்பெனிகள் முளைத்தன, பங்குகளின் விலை ஏறியது, அந்தச் சூதாட்டத்தின் நடுநாயகமாக இருந்தவர் பிரேம்சந்த். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது, கம்பெனிகள் விழுந்தன, பம்பாய் வங்கியே மூழ்கியது, அவரும் மூழ்கினார். கோபுரத்துக்கு அஸ்திவாரம் போடும்போது அவருடைய செல்வம் போயிருந்தது. கொடுத்த பணம் மட்டும் பல்கலைக்கழகத்திடம் பத்திரமாக இருந்தது. அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தி கப்பல் ஏறாமல் நின்றதும், குஜராத்திலும் விதர்பாவிலும் விவசாயி பறித்த பருத்திக்கு விலை வந்ததும், ஒரு மகன் தாய்க்குக் கோபுரம் கட்டியதும் ஒரே சரட்டில் இருக்கின்றன. நான் பள்ளிப் பிள்ளைகளை ஓவல் மைதானத்தில் உட்காரவைத்து இதைச் சொல்வேன். பிறகு அவர்கள் அந்த மணிக்கூண்டைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கும்.

நீ பெண்பிள்ளை, ஆகவே இன்னொன்றையும் கவனி. ராஜாபாய், மகன் கொடுத்த பணத்தால் பெயர் பெற்ற தாய். கார்வே 1916-இல் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகம் எஸ்.என்.டி.டி. ஆனதும் அப்படித்தான்: விட்டல்தாஸ் தாக்கர்சி தன் தாய் நாத்திபாய் நினைவாக 15 லட்சம் கொடுத்தார், 1920-இல் அந்தத் தாயின் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குள்ளேயே கணவர் பெயரான தாமோதரும் உட்கார்ந்திருக்கிறது. 1997-இல் வி.ஜே.டி.ஐ.யின் ஆங்கில எழுத்துக்களைக் கலைக்காமல் விக்டோரியாவை எடுத்துவிட்டு வீரமாதா ஜீஜாபாய் என்று வைத்தார்கள். சிவாஜியை வளர்த்த அந்தத் தாய் இந்த மண்ணுக்கு ராணியைவிட நெருக்கமானவள், சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் இங்கேயும் தாய். மாகிம் பக்கம் போனால் லேடி ஜாம்ஷெட்ஜி ரோடு. மாகிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே கடல்வழிப் பாலம் போட அரசு பணமில்லை என்றபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் தன் பணத்தைக் கொடுத்து, சுங்கம் வாங்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டவள் அவாபாய். 1845-இல் திறந்த அந்தப் பாலம் தாராவிக்கு எட்டிப்பார்க்கிற தூரம். ரோட்டுப் பெயரில் அவாபாய் இல்லை, ஜாம்ஷெட்ஜியின் மனைவி இருக்கிறாள். தான் செய்த வேலைக்காகவே ஒரு பெண் பெயர் பல்கலைக்கழகத்துக்கு வந்தது என்றால், 2014-இல் புனேயில் சாவித்திரிபாய் புலேக்கு வந்ததைச் சொல்லலாம். 1848-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவளுக்கு அதுவரை ஆயிற்று.

அந்த ஜாம்ஷெட்ஜி ஜீஜிபாயையும் சொல்லிவிடுகிறேன். ஜே.ஜே. ஆஸ்பத்திரி, ஜே.ஜே. ஓவியப் பள்ளி எல்லாம் அவர் பெயர்தான். காலிப் பாட்டில் வாங்கி விற்ற ஏழைப் பையனாகத் தொடங்கியவர். பெரிய செல்வம் சீன வியாபாரத்தில் வந்தது. பருத்தியோடு அபினும் போனது. சீனாவில் எத்தனையோ குடும்பங்களை அழித்த சரக்கு அது. அதே பணத்தில் எழுந்த ஆஸ்பத்திரியில்தான் நம் தெருவில் பாதிப்பேர் பிழைத்தோம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீ கேட்பாய். ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிடாதே என்பேன். அவர் பெயரை எடுக்க வேண்டியதில்லை. அபின் என்ற சொல்லையும் அதே பலகையில் எழுத வேண்டும். நன்றி சொல்கிறவர்களுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு.

அடுத்ததைச் சற்று நிதானமாகப் படி. பெயர் வைக்கிற விஷயத்தில் நான் மிக மதிக்கிற மனிதர் பாபாசாகேப் அம்பேத்கர். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த வருடமே பம்பாயில் கல்லூரி திறந்தார். வேலைக்குப் போகிற பிள்ளைகள் படித்துவிட்டுப் போகட்டும் என்று காலையில் வகுப்பு. தன் பெயரையோ பணம் கொடுத்த யார் பெயரையோ வைக்கவில்லை. சித்தார்த் என்று வைத்தார். கோட்டையில் அதன் கட்டடங்கள் ஆனந்த பவன், புத்த பவன். 1950-இல் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. அந்த வளாகத்துக்கு நாகசேனவனம், கல்லூரிக்கு மிலிந்த் என்று பெயர். மிலிந்தன் கிரேக்க அரசன். நாகசேனர் புத்த பிக்கு. அரசன் கேள்வி கேட்டான், பிக்கு பதில் சொன்னார், அந்தப் பேச்சு பாலியில் நூலாக நிற்கிறது. பதில் சொன்னவர் பெயரை நிலத்துக்கும் கேள்வி கேட்டவன் பெயரைக் கல்லூரிக்கும் வைத்திருக்கிறார், பார். தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்க விடாத பிள்ளைகள் வந்து படிக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைக்க முடியவில்லை.

அதே ஔரங்காபாத்தில்தான் அவர் பெயருக்கு ரத்தம் சிந்த வேண்டி வந்தது. 1958-இல் தொடங்கிய மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க வேண்டும் என்று 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே மராத்வாடா முழுக்கக் கலவரம். தலித் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தார்கள், கிணறுகளைக் கெடுத்தார்கள், பெண்களை மானபங்கம் செய்தார்கள். நாந்தேட் மாவட்டத்தில் போச்சிராம் காம்ப்ளே என்பவரைக் கொன்றார்கள். தீர்மானம் அப்படியே கிடந்தது. நாமாந்தர் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் பேரணி, நடைப்பயணம், சிறை என்று பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்தது. தாராவியிலும் செம்பூரிலும் அப்போது நீலக்கொடி பிடித்து நின்றவர்கள் பலர். 1994 ஜனவரி 14 அன்று டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என்று பெயர் விரிந்தது. பழைய பெயரை எடுக்காமல் முன்னால் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஒரு பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறது என்று உன் வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல். ஒரு பெயருக்காகக் குடிசையை எரிக்கிறவன் இருந்தான் என்றால், அந்தப் பெயர் வந்தால் தன் இடம் போய்விடும் என்று அவன் நம்பியிருக்கிறான். எரிந்த குடிசைக்காரனும் பின்வாங்கவில்லை என்றால், அந்தப் பெயர் இருந்தால் தன் பிள்ளை தலை நிமிர்ந்து உள்ளே போகும் என்று இவனும் நம்பியிருக்கிறான். இரண்டு பேருமே பெயரைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

தாராவிக்குள்ளேயே பார்த்தால் காமராஜர் நினைவுப் பள்ளி இருக்கிறது. அவர் அந்தப் பள்ளிக்குக் காசு எதுவும் தந்தவர் இல்லை. சின்ன வயசில் படிப்பை நிறுத்தியவர், முதலமைச்சரானபோது ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து ஒரு பள்ளி கட்டியபோது அந்தப் பெயரை எழுதினார்கள். ராஜாபாய் டவரின் உயரம் அதற்குக் கிடையாது. எனக்கு இரண்டும் ஒரே தெருவில் நிற்க வேண்டிய கட்டடங்கள்.

இனி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் வளாகத்தில் இருக்கிற ஒவ்வொரு அடிக்கல்லையும் நின்று முழுசாகப் படி. தேதியைப் பார். கல் நட்டவர் யார், தலைமை வகித்தவர் யார், கட்டியவர் பெயர் இருக்கிறதா என்று பார். மேலே பெரிய எழுத்தில் இருப்பதைவிடக் கீழே சின்ன எழுத்தில் இருப்பது அதிகம் சொல்லும். நூலகத்தில் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர் புத்தகங்கள் உண்டா என்று கேள். யார் எவ்வளவு கொடுத்தார், என்ன நிபந்தனை போட்டார், எந்தச் சாதிக்கு, எந்த ஊர்ப் பிள்ளைக்கு என்றெல்லாம் அறக்கட்டளைக் கணக்கு அதில் வரும். கட்டடத்துக்கு மட்டும் பெயர் இருக்கிறது என்று நினைக்காதே, ஒவ்வொரு பரிசுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் பெயர் இருக்கிறது. அதில் ஏதாவது உனக்குத் தகுதியானதா என்று பார்த்து மனுப்போடு. வெட்கப்படாதே, வேறு யாரோ ஒரு பிள்ளைக்காக வைத்துவிட்டுப் போன பணம், அந்தப் பிள்ளை நீயாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிற அண்ணனிடமும் கேன்டீன் மாமாவிடமும் பேசு. பலகையில் ஒரு பெயர் இருக்கும், அவர்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். 2008-க்குப் பிறகு ஐ.சி.டி. என்று ஆகியும் மாட்டுங்காவில் பழைய ஆள்கள் யு.டி.சி.டி. என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களையும் நோட்டில் எழுதி வை.

நோட்டுப் போடும்போது தாத்தா வேலை பார்த்த கிடங்கையும் எழுது. அது எந்தச் சந்தில் இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று உன் அப்பாவிடம் கேள். 1971-இல் அறுப்புக்கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்குப் போன பிறகு தோல் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது தாராவியையே இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நாளைக்கு அங்கே எழும்புகிற கட்டடங்களுக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று பேச்சு வரும்போது, நம்மிடம் பெயர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

தீபாவளி லீவில் ஒரு சனிக்கிழமை கோட்டைக்குப் போவோம். ஞாயிறு வேண்டாம், நூலகமெல்லாம் பூட்டியிருக்கும். உன் அம்மாவையும் கூட்டி வா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் இருக்கிறாள், கோட்டையில் வேலைக்குப் போன ஆபீஸைத் தவிர வேறு எந்தக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லை என்றாள். நீங்கள் இருவரும் கிங்ஸ் சர்க்கிளில் ஏறுங்கள், நான் செம்பூரில் ஏறி வடாலாவில் இறங்கி நிற்கிறேன். சித்தார்த் கல்லூரி வாசலில் தொடங்கி, நடந்தே ராஜாபாய் டவர் வரை போகலாம். உன் அம்மா மராத்திப் பலகைகளை நம்மைவிட வேகமாகப் படிப்பாள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள், நோட்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
அத்தை